விளக்கு மங்கவில்லை

முதலில் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்ற வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இருபத்திரண்டு வருஷமாகப் பம்பு மோட்டாருக்குச் செப்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுகிறவள் நான். ஆனாலும் பானெட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக்கொடுத்தபோது, திருட வந்தவள் மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது. என் வீட்டுப் போர்ட்டிகோ, என் சம்பளமும் சேர்ந்து வாங்கின வண்டி, ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி, சுவர்மேல் பக்கத்து வீட்டு ஹேமா காயப்போட்ட மிதியடி. இதில் பயப்பட என்ன இருக்கிறது. அவர் ஏழரைக்கே சித்தப்பா மகனுடைய வேனில் ஏறி அன்னூருக்குக் காதுகுத்துக்குப் போய்விட்டார். நம்ம வண்டியிலயே போலாமுங்களே என்றேன். "வேண்டா வசந்தா. நாளைக்கு உனக்கு வேணுமல்ல? நான் எடுத்துட்டுப் போயி வழியில நின்னு போச்சுன்னா என்ன பண்றது, அது பாட்டுக்கு நிக்கட்டும்" என்றார். இருபத்தாறு வருஷத்தில் எனக்காக அவர் விட்டுக்கொடுத்தது எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதினால் முதல் பக்கமே நிறையாது. அதில் இதையும் எழுதிக்கொள்ள வேண்டியதுதான். சாவி ஆணியில் தொங்குகிறது. இந்த பானெட்டை நான் திறந்ததே கிடையாது. தண்ணீர் ஊற்றுவதென்றாலும் அவர்தான். "பொம்பளைக்கு எதுக்கு இந்தக் கரி" என்பார், சிரித்துக்கொண்டே, எனக்கு ஏதோ உபகாரம் செய்கிற மாதிரி. ஊரார் மோட்டாரையெல்லாம் பிரித்து மாட்டுகிற கைக்கு சொந்த வீட்டு வண்டி மட்டும் கரி. நாளைக்குத் திங்கட்கிழமை. எட்டு மணிக்கு சூலூரைத் தாண்டி இருக்கிற புது யூனிட்டின் ஷட்டரை நான் போய்த் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் ஷட்டர் சாவி, கூடக் காயில் கட்டுகிற விஜயாவுக்குப் போய்விடும். நாற்பத்தொன்பது வயதில் முதல் தடவையாக எனக்கென்று ஒரு மேசை, அதுவும் போய்விடும். பத்தாம் நம்பர் ஸ்பேனர் நட்டில் பிடிக்காமல் வழுக்கியது. துடைத்துவிட்டு மறுபடி போட்டேன்.

வண்டிக்கு என்னதான் கோளாறு? யோசித்துப் பார்த்தால் இது வண்டிக் கோளாறு மாதிரியே இல்லை, மாமியார்க் கோளாறு மாதிரி இருக்கிறது. மகன் தொட்டால் எடுக்கும், மருமகள் தொட்டால் எடுக்காது. போன திங்கட்கிழமை, யூனிட் திறக்கிற முதல் நாள், அவர் ஆறு மணிக்கே பைக்கில் மில்லுக்குப் போய்விட்டார். நான் ஏழு மணிக்குப் புதுச்சேலை கட்டி, டிபன் பாக்ஸை முன்சீட்டில் வைத்து, பின்சீட்டில் சனிக்கிழமையே பட்டறையிலிருந்து வந்த நான்கு கம்பிச் சுருள். தினமும் பழைய பட்டறையிலிருந்து சுருளை ஏற்றிக்கொண்டு போக வேண்டும், அதற்குத்தான் கார், இல்லையென்றால் ஒரு ஸ்கூட்டி போதாதா. அதற்காகத்தான் மார்கழிக் குளிரில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய், என் மகன் வயதுப் பையனிடம் "கிளட்ச் கிளட்ச்" என்று திட்டு வாங்கி, தை மாசம் லைசன்சும் எடுத்தேன். சாவியைத் திருப்பினேன். ஒன்றுமில்லை. டக் என்றுகூட இல்லை. பத்துத் தடவை. பாட்டிலில் இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடி பத்துத் தடவை. சுருளை வீட்டிலேயே இறக்கிப் போட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, நான்கு கிலோமீட்டர் நடந்து போய்ச் சேர்ந்தபோது மணி பத்தேகால். பன்னிரண்டு பெண்கள் பூட்டின ஷட்டருக்கு முன்னால் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி ஆறுச்சாமி திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "வசந்தாமணி, உன் வேலையில நான் குத்தஞ் சொல்ல மாட்டேன். ஆனா கதவ யாராவது தொறக்கோணுமல்ல. இந்த ஒரு வாரம் நானே வந்து தொறந்துக்கறேன். அடுத்த திங்கக்கெழம எட்டு மணிக்கு வண்டியோட வந்து நில்லு. இல்லீனா விஜயாகிட்டக் குடுத்தர்றேன். அவ வீட்டுக்காரரு தெனமும் கொண்டாந்து உடறேங்கறாரு." அவ வீட்டுக்காரர். அந்த வார்த்தையை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அதுவே காதில் கேட்டது. சாயங்காலம் வீட்டில் இவரிடம் சொன்னேன். போய் உட்கார்ந்தார். டேஷ்போர்டில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பிள்ளையார் ஒட்டியிருக்கும், அதை வலது கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நெற்றி ஸ்டீயரிங்கில் படுகிற மாதிரி குனிந்தார். பொங்கலுக்கு அப்புறம் வந்த பக்தி இது. ஐம்பத்து நாலு வயதாகிவிட்டது, வரட்டுமே என்று நினைத்தேன். நிமிர்ந்து சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே எடுத்தது. "பாரு, எடுத்துருச்சு. என்னமோ உன் கைக்கு மட்டும் மசிய மாட்டேங்குது." மறுநாள் மெக்கானிக்கிடம் கேட்டுக்கொண்டும் வந்தார். எஞ்சினை எழுப்பிவிடுகிற ஸ்டார்ட்டர் மோட்டார் போகிற நிலையில் இருக்கிறதாம், எடுத்தால் எடுக்குமாம், இல்லாவிட்டால் இல்லையாம், பழகின கை வேண்டுமாம். செவ்வாய்க்கிழமை அவர் போன பிறகு நானும் பிள்ளையாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குனிந்து பார்த்தேன். மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து வைத்தேன். எடுக்கவில்லை.

ஸ்டார்ட்டர் கியர் பாக்ஸை ஒட்டி உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கிறது. அதற்கு வருவது இரண்டே வயர். தடித்தது பேட்டரியிலிருந்து, மெல்லியது சாவியிலிருந்து. சாவியைத் திருப்பினால் மெல்லிய வயரில் சொல் வரும், அதைக் கேட்டுத்தான் தடித்த வயர் தன் பலத்தைக் காட்டும். மெல்லியதை உருவினேன், தடித்ததின் நட்டைக் கழற்றினேன். அப்புறம் இரண்டு போல்ட். மேல் போல்ட் வந்துவிட்டது. கீழ் போல்ட்டுக்குக் கையைத் தோள்வரை உள்ளே விட வேண்டியிருந்தது. ஸ்பேனர் நழுவி முட்டியில் தோல் உரிந்தது. கன்னம் ரேடியேட்டர் குழாயில் அழுந்தி, வாய்க்குள் ஆயில் வாடை. இந்தக் கோலத்தில் அவர் பார்த்தால் என்ன சொல்வார்? ஒன்றும் சொல்ல மாட்டார், அதுதான் அவர். தீபாவளிக்கு முதல் நாள் முதலாளி என்னைப் புது யூனிட்டுக்குப் பொறுப்பாகப் போடுகிறார் என்று நான் வந்து சொன்னபோதுகூட ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. "தாராளமாப் போ. வண்டி சும்மாதான நிக்குது, கத்துக்கிட்டு எடுத்துட்டுப் போ." சாம்பாரை ஊற்றிக்கொண்டே சொன்னார். விஜயா வீட்டுக்காரர் மாதிரி அவள் போகக்கூடாது என்று குதித்து, சண்டை போட்டு, அழவிட்டு, அப்புறம் இறங்கி வந்து தானே கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்கிற ஆள் இல்லை இவர். பெரிய மனசு என்று ஊரே சொல்லும், நானும் சொல்லியிருக்கிறேன். கீழ் போல்ட்டும் வந்துவிட்டது. இரண்டு கையாலும் ஏந்தி வெளியே எடுத்துச் சாக்கின்மேல் வைத்தேன். நல்ல கனம். பட்டறையில் கைக்கு வருகிற எதையும் நான் முதலில் புரட்டிப் பார்ப்பது முடிச்சைத்தான். காயிலைக் கட்டி முடித்ததும் நூலால் வரிந்து முடிச்சுப் போடுவோம், ஒவ்வொருத்திக்கும் ஒரு முடிச்சு. விஜயா நுனியை விட்டுவிடுவாள், எலிவால் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். என்னுடையது இரண்டு சுற்று, நுனியைச் சுற்றுக்கு அடியிலேயே செருகி இழுத்துவிடுவேன், எங்கே முடிந்தது என்றே தெரியாது. எரிந்த மோட்டார் திரும்பி வந்தால் முதலாளி முடிச்சைப் பார்த்தே யார் கட்டியது என்று சொல்லிவிடுவார். என் முடிச்சு இதுவரை எரிந்து வந்தது கிடையாது. வசந்தாமணிக்குக் கைராசி என்று பட்டறையே சொல்லும், புது மாடல் எது வந்தாலும் முதல் காயில் நான்தான் கட்ட வேண்டும். ஸ்டார்ட்டரைக் காலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுத்தேன். கிர்ரென்று துள்ளிச் சுற்றியது. நல்ல சுற்று, வாலிபச் சுற்று. போகிற நிலையில் இருக்கிற மோட்டார் இப்படிச் சுற்றாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும், பாரம் இல்லாமல் எல்லா மோட்டாரும்தான் சுற்றும், பாரம் ஏற்றினால்தான் வண்டவாளம் தெரியும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். காயில் கட்டுகிறவளுக்கு எல்லாக் கோளாறும் காயிலில்தான் இருக்க வேண்டும். நேற்று உக்கடத்து உதிரிச் சாமான் கடையில் பார்த்து வாங்கி வந்த மாற்று ஸ்டார்ட்டர் பையில் காத்துக்கொண்டிருந்தது.

"ஏனுங்க்கா, மெக்கானிக் வரலீங்களா?" சுவருக்கு மேல் ஹேமாவின் தலை. ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிற பெண், ஞாயிற்றுக்கிழமையானால் மிதியடி துவைப்பாள். "நானேதான் மெக்கானிக்கு" என்றேன். "அண்ணனுக்குத் தெரியுங்களா?" பாருங்கள், படித்த பெண், தனியாக வீடு எடுத்து இருக்கிறவள், அவளுக்கும் முதலில் வருகிற கேள்வி அதுதான். "தெரியாது. வந்தா தெரிஞ்சுக்குவாரு." அவள் சிரித்துவிட்டு மிதியடியைத் திருப்பிப் போட்டாள். மாற்று ஸ்டார்ட்டரை உள்ளே செருகி, போல்ட் துளையோடு துளை சேர்ப்பதற்குள் இரண்டு தடவை நழுவியது. சேர்ந்தது. கீழ் போல்ட், மேல் போல்ட், தடித்த வயர், மெல்லிய வயர், கடைசியில் பேட்டரி மைனஸ். மணி பதினொன்று. கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிள்ளையாரைப் பார்க்கவில்லை, அவரிடம் எனக்கு ஏற்கெனவே ஒரு ரூபாய் வரவேண்டியிருக்கிறது. சாவியைத் திருப்பினேன். ஒன்றுமில்லை. மறுபடி. ஒன்றுமில்லை. அதே மௌனம், போன திங்கட்கிழமையின் மௌனம். புது மோட்டார் போட்டும் எடுக்கவில்லை என்றால் பிறகு என் கைதானா? கையைப் பார்த்தேன். கரி, கிழிந்த முட்டி, நகக்கண்ணில் வார்னிஷ் கறை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு மோட்டாரும் எரியவிடாத கை, தன் வீட்டு வாசலில் மட்டும் ராசி கெட்ட கையா? நாளைக் காலை விஜயா, அவள் வீட்டுக்காரர் வண்டியின் பின்னால் உட்கார்ந்து போய், இறங்கி, சாவியை வாங்கி ஷட்டரைத் தூக்குவாள். நான் பழைய பட்டறையில் ஜன்னலோரம் அதே ஸ்டூலில். பொழுதுபோகாமல் முன்விளக்கைப் போட்டேன். எதிர்ச் சுவரில் இரண்டு வட்டம் பளிச்சென்று விழுந்தது. சாவியைத் திருப்பினேன். வட்டம் அப்படியே இருந்தது. இன்னொரு தடவை. விளக்கு மங்கவில்லை. அட. மோட்டார் இழுத்தால் விளக்கு மங்க வேண்டும், செத்துக்கொண்டிருக்கிற மோட்டாராக இருந்தாலும் இழுக்கும், இழுத்தால் மங்கும். பட்டறையில் நேற்றுச் சேர்ந்தவளுக்குக்கூடத் தெரியும். மங்கவில்லையென்றால் மோட்டாருக்குச் சொல்லே போய்ச் சேரவில்லை. இதைத் திங்கட்கிழமையே நான் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. ஸ்டார்ட்டர் போய்விட்டது என்று அவர் சொன்னார், நான் கேட்டுக்கொண்டேன். பட்டறையில் முதலாளியே சொன்னாலும் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்க்காமல் நம்பாதவள், வீட்டுக்குள் வந்ததும் லேம்பை எங்கேயோ வைத்துவிடுகிறேன்.

டெஸ்ட் லேம்ப் என்றால் பெரிய கருவி ஒன்றும் இல்லை, ஒரு பல்பு, இரண்டு வயர். ஒரு முனையை ஸ்டார்ட்டரின் மெல்லிய வயரில் மாட்டி, இன்னொன்றை எஞ்சின் இரும்பில் மாட்டி, பல்பைக் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் வைப்பர்மேல் படுக்கவைத்தேன். தனியாக வேலை செய்கிறவள் சாவியையும் திருப்ப வேண்டும், பல்பையும் பார்க்க வேண்டும். திருப்பினேன். எரியவில்லை. சரி, சொல் வரவில்லை. எங்கே நின்றுவிட்டது? ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த மூடியைக் கழற்றி, சாவியின் பின்பக்கத்தில் லேம்பை வைத்தேன். எரிந்தது. சாவி சொல்கிறது. ஸ்டார்ட்டருக்குக் கேட்கவில்லை. நடுவில் யாரோ தடுக்கிறார்கள். மல்லாந்து படுத்துத் தலையைப் பெடலுக்கு அருகே விட்டு, செல்போன் வெளிச்சத்தில் வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். பதினெட்டு வருஷத்து வயர், புழுதி படிந்து சொரசொரவென்று வந்தது. ஒரு சாண் தூரத்தில் விரலுக்கு அது மாறிவிட்டது. வழவழவென்று புதுசு. மேலே உறையாக மஞ்சள் ஸ்லீவ் போட்டிருந்தது. பழைய வயரை வெட்டி நடுவில் இந்தப் புது வயரைச் சேர்த்து, ஸ்டீயரிங்குக்கு இடது பக்கம், டேஷ்போர்டின் அடிவயிற்றில், வெளியே தெரியாத இடத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச். தலையைத் தாழ்த்தினால் இடது கை தானாகப் போகிற இடம். திருடனுக்காகச் சில பேர் இப்படி வைப்பார்கள், இதைத் தட்டாமல் வண்டி எடுக்காது, கேள்விப்பட்டிருக்கிறேன். மூன்று கால் உள்ள ஸ்விட்ச், இரண்டு காலில் வயர், மூன்றாவது கால் சும்மா, அதற்கும் ஒரு துண்டு ஸ்லீவ். எவ்வளவு சுத்தமான வேலை என்றுதான் முதலில் நினைத்தேன், சத்தியமாக அதைத்தான் நினைத்தேன். பற்றவைத்த ஈயம் ஒழுகாமல், ஒரு நெல் அளவுக்கு, பளபளவென்று. ஸ்லீவின்மேல் நூலால் வரிந்திருந்தது. இரண்டு சுற்று. நுனியைத் தேடினேன். நுனி இல்லை. சுற்றுக்கு அடியில் செருகி இழுத்திருந்தது. என் முடிச்சு.

தை மாசம், பொங்கல் கழிந்த வெள்ளிக்கிழமை. லைசன்ஸ் கைக்கு வந்த வாரம். நான் அடுப்படி மேடையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு ஸ்விட்சையும் கொஞ்சம் வயரையும் கொண்டுவந்து வைத்தார். "வசந்தா, சாமி ரூமுக்கு ஒரு சீரியல் லைட்டுப் போடலாம்னு இருக்கறேன். இதுல வயர் வெச்சுக் குடு. நான் வெச்சா ஈயம் ஒழுகுது." எனக்கு அவ்வளவு சந்தோஷம். இருபத்தாறு வருஷத்தில் என் வேலையை அவர் கேட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை. கத்தரிக்காயை அப்படியே விட்டுவிட்டு பற்றவைக்கிற கோலைச் சூடாக்கினேன். "இதுக்கு ரெண்டு காலு போதுமுங்க, எதுக்கு மூணு காலு வாங்கினீங்க?" "கடையில அதுதான் இருந்துச்சு." சும்மா இருந்த காலுக்கும் ஸ்லீவ் போட்டு, நூல் வரிந்து, ஆசையாக முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, "பரவால்லியே" என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் பட்டறைக்குப் போய்வந்தேன். சாமி ரூமில் சீரியல் லைட் வரவேயில்லை, நானும் மறந்தேபோனேன். அப்புறம் வந்தது பக்தி. குனிந்து கும்பிடுகிற பக்தி. வலது கை பிள்ளையாரிடம், இடது கை என் முடிச்சிடம். பெடல் நடுவே படுத்துக்கொண்டு எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அது சிரிப்பாக இல்லை. வேறு எவனிடமாவது கொடுத்து வைத்திருக்கக் கூடாதா. ஒழுகினாலும் அவரே வைத்திருக்கக் கூடாதா. ஒழுகின ஈயமாக இருந்தால் நாலு மாசத்தில் தானே விட்டுப்போயிருக்கும். விட்டுப்போகக்கூடாது, காலத்துக்கும் நிற்க வேண்டும் என்றுதான் என்னிடம் வந்தார். மில்லில் முப்பது வருஷம், அவருக்குக் கீழே ஒரு ஆள் கிடையாது. எனக்குக் கீழே பன்னிரண்டு பேர். அதைச் சொல்லியிருக்கலாமே. எனக்குப் பிடிக்கலை, போகாதே என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், கத்தியிருப்பேன், ஒருவேளை போகாமலேகூட இருந்திருப்பேன், அவர்மேல் கோபமாவது எனக்கு மிஞ்சியிருக்கும். இது என்ன, கையிலே சாவியைக் கொடுத்து, தாராளமாப் போ என்று சொல்லி, என் கையையே என்னைச் சந்தேகப்பட வைத்தது. ஒரு வாரமாகக் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளையாரிடம் ஒரு ரூபாய் கொடுத்து ராசி கேட்டிருக்கிறேன். அந்த ஒரு ரூபாயை நினைக்கும்போதுதான் எனக்கு உடம்பு பற்றி எரிகிறது.

வெட்டி எறிந்துவிட்டு வயரை நேராகச் சேர்த்தால் வேலை முடிந்தது. கட்டர் கையில்தான் இருந்தது. பட்டறைப் புத்தி குறுக்கே வந்தது. சந்தேகத்தை வைத்துக்கொண்டு எந்த மோட்டாரையும் பழைய இரும்பில் போடக்கூடாது, இன்னொரு தடவை பாரம் ஏற்றிப் பார் என்பார் முதலாளி. இதில் சந்தேகம் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டேன். இருக்கத்தான் செய்தது. தை மாசம் ஏதோ வயிற்றெரிச்சலில் வைத்துவிட்டார், அப்புறம் எடுக்கத் தெரியாமல், சொல்லவும் வாயில்லாமல் மாட்டிக்கொண்டார் என்றால்? மனுஷனுக்கு இறங்கிவர ஒரு படி வேண்டுமல்லவா? இப்போது புது ஸ்டார்ட்டர் போட்டாகிவிட்டது. இதைவிட நல்ல படி கிடைக்காது. அவர் ஸ்விட்சை மேலே தட்டி அப்படியே விட்டுவிட்டால் போதும், நாளையிலிருந்து எனக்கும் எடுக்கும், புது மோட்டார் போட்டதால் சரியாகிவிட்டது என்று ஊரே நினைக்கும், அவர் செய்தது அவருக்கும் பிள்ளையாருக்கும் தவிர யாருக்கும் தெரியாது. நானும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டேன். சாகிறவரைக்கும் காட்டிக்கொள்ள மாட்டேன். பேட்டரியைக் கழற்றிவிட்டு, கோலைச் சூடாக்கி, ஓரக்காலில் இருந்த வயரை எடுத்து, சும்மா இருந்த மூன்றாவது காலில் வைத்தேன். ஸ்லீவ், நூல், இரண்டு சுற்று, முடிச்சு. இத்தனை நாள் மேலே தட்டினால் வண்டி எடுக்கும், கீழே தட்டினால் எடுக்காது. இனிமேல் தலைகீழ். மேலே இருந்தால் எடுக்காது, கீழே தட்டி என்னைப் பூட்டினால் எடுக்கும். பேட்டரியை மாட்டி, ஸ்டார்ட்டரின் மெல்லிய வயரில் லேம்பை வைத்துப் பார்த்தேன், கீழே தட்டியபோது எரிந்தது. வயரை ஸ்டார்ட்டரில் திருப்பி மாட்டினேன். எஞ்சினை எழுப்பவில்லை. ஸ்விட்சை அவர் வைத்துவிட்டுப் போன மாதிரி கீழேயே விட்டு, மூடியைப் போட்டுவிட்டு அரிசியைக் கழுவிக் குக்கரில் வைத்தேன். காதுகுத்து விருந்தில் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார், ஆனாலும் வைத்தேன். சோப்புப் போட்டும் கரி போகவில்லை.

இரண்டு மணிக்கு வேன் வந்து இறக்கிவிட்டுப் போனது. நெற்றியில் சந்தனம், கையில் தாம்பூலப் பை. சாக்கின்மேல் கிடந்த பழைய ஸ்டார்ட்டரைப் பார்த்து நின்றுவிட்டார். "ஏன் வசந்தா, யாரு வந்து கழட்டுனது?" "நான்தானுங்க. உக்கடத்துல வாங்கிப் புதுசு மாட்டிட்டேன்." பையை மாற்றிப் பிடித்தார். "எடுத்துச்சா?" "நான் திருப்புனேன், சத்தமே இல்லீங்க. நீங்க ஒருக்கா பாருங்க. உங்களுக்குத்தான் கைராசி." அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தார், பிள்ளையாரைத் தொட்டார், குனிந்தார். நான் கொடியில் கிடந்த துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாவி திரும்புகிற சத்தம். அவ்வளவுதான். இன்னொரு தடவை குனியவில்லை, சாவியை மட்டும் திருப்பினார். பிறகு மறுபடி, மறுபடி. மேலே தட்டினால் எடுக்கும் என்று நம்பின கை, மேலேயே வைத்துக்கொண்டு திருப்பிக்கொண்டிருந்தது. சந்தனத்துக்கு மேலே வியர்வை. ஹேமா சுவரோரம் வந்து நின்றாள். "என்னவோ, உக்கடத்துச் சாமானு அப்படித்தான் இருக்கும்" என்றார் என்னைப் பார்க்காமல். "நாளைக்கு எப்படியுங்க நான் போறது? எட்டு மணிக்குத் தொறக்கோணும்" என்றேன். இதுதான் படி, இறங்குங்கள் என்று வேறு எப்படிச் சொல்வது. சாவியிலிருந்து கையை எடுத்தார். பிறகு இன்னொரு தடவை பிள்ளையாரைத் தொட்டுக் குனிந்தார். நிமிர்ந்து, சாவியைத் தொடாமலே இறங்கினார். "விதிச்சதுதான் நடக்கும். ஆறுச்சாமிகிட்டப் பேசிப் பாரு" என்று சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடினார்.

நான் போய் உட்கார்ந்தேன். சீட் சூடாக இருந்தது. கை தானாகக் கீழே போகப் பார்த்தது, விடவில்லை. தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள எனக்கு மனசில்லை. அவர் எனக்காக மேலே விட்டுவிட்டு இறங்கியிருந்தால் எடுக்காது. எடுக்காமல் போனால் நான் நாளைக்கு ஒன்றும் இழக்கப் போவதில்லை, ராத்திரி அவர் தூங்கின பிறகு ஒரு தட்டுத் தட்டினால் தீர்ந்தது. ஒரு வாரமாக எடு எடு என்று கெஞ்சின வண்டியிடம், எடுக்காதே என்று கேட்டேன். பிள்ளையாரையே நிமிர்ந்து பார்த்துக் கேட்டேன், அந்த ஒரு ரூபாய்க்கு இதையாவது செய் என்று. சாவியைத் திருப்பினேன்.

முதல் திருப்பிலேயே எடுத்தது.

"பாத்தீங்களாண்ணா, அக்கா கைராசி" என்று ஹேமா சுவருக்கு மேலே கை தட்டினாள். அவர் ஒற்றைச் செருப்போடு நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்தார், டேஷ்போர்டின் அடிப்பக்கத்தைப் பார்த்தார், மறுபடி என் முகத்துக்கு வரவில்லை. எஞ்சின் நன்றாக, ஒரே சீராக ஓடியது. கேட் சாத்தியிருந்தது. அவரே போய் இரண்டு கதவையும் திறந்துவிட்டு ஓரமாக நின்றார்.